பழைய சைக்கிளைக் குறைந்த செலவில் ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கறுப்புப் பெயிண்ட், பின்னால் கனமான கேரியர் என்று நம் தெருக்களில் ஓடிய பழைய இரும்பு சைக்கிள்களைப் பற்றியது இந்தப் பக்கம். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ., அசன்சோலில் செய்த ராலே, சோனிபட் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ, ஏவான் எல்லாம் இதில் அடக்கம். பெயர் வேறானாலும் பிரிட்டிஷ் மாதிரியைப் பின்பற்றி வந்தவை என்பதால் முக்கியமான பாகங்களின் அளவு பெரும்பாலும் ஒன்றுதான். அந்த ஒற்றுமைதான் இன்றைக்கும் இவற்றைக் குறைந்த செலவில் மீட்க உதவுகிறது.

வீட்டுக் கொட்டகையில் ஒரு சைக்கிள் கிடக்கிறது. அதற்குச் செலவு செய்யலாமா?

ஃப்ரேம் நன்றாக இருந்தால் தயங்காமல் செய்யலாம். மற்றதெல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள்.

முதலில் ஹேண்டில் குழாய்க்குக் கீழே, முன் ஃப்ரேம் குழாய்களின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சுருங்கியோ குழாய் லேசாக மேடு தட்டியோ இருந்தால் அந்த சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. அடுத்து பெடல் அச்சு உட்காரும் பெட்டியின் அடிப்பாகம். சீட் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும். திருப்புளியின் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மங்கினாலோ செதில் உதிர்ந்தாலோ இரும்பு உள்ளிருந்தே தின்னப்பட்டுவிட்டது. ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் தலைப்பகுதியில் விரிசல் இருந்தால் அந்த ஃபோர்க்கை ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஓடும்போது அது முறிந்தால் பல் போகும், உயிரும் போகலாம். வேறு ஃபோர்க் வாங்குங்கள்.

ஃப்ரேம் கோணலா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் அச்சு மாட்டும் இடத்தில் ஒரு முனையைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்க அச்சு இடத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் ஒன்றாக வர வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை.

எவ்வளவு செலவாகும்? கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எதை முதலில் வாங்குவது?

பெரிய செலவு டயரும் டியூபும்தான். பெரும்பாலும் மொத்தச் செலவில் பாதியை அவையே எடுத்துக்கொள்ளும். பால்ரஸ் குண்டு, கிரீஸ், காட்டர் பின், பிரேக் கட்டை, வால்வு ரப்பர் எல்லாம் சில்லறைக் காசில் முடியும். இடையில் நிற்பவை செயின், ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்), பெடல்.

என் வரிசை இது: முதலில் பிரேக்கும் டயரும், பிறகு பால்ரஸ், அதன் பிறகு செயின். பெயிண்ட், புது மட்கார்டு, புது சீட் எல்லாம் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயிண்ட் கடையில் காசைக் கொட்டிவிட்டு, உள்ளே அதே காய்ந்துபோன கிரீஸோடு ஓட்டுகிறார்கள். அந்த சைக்கிள் பார்க்க அழகாக இருக்கும், மிதிக்க மிதிக்க முழங்கால் வலிக்கும். அது சில மாதத்தில் மறுபடி கொட்டகைக்கே போவதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது.

என்ன கருவிகள் வேண்டும்?

சைக்கிள் கடையில் விற்கும் பல ஓட்டை போட்ட தட்டை ஸ்பேனர், ஒரு நல்ல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், கோன் (சக்கர அச்சில் குண்டுகள் ஓடும் கூம்பு வடிவ நட்டு) பிடிக்க மெல்லிய ஸ்பேனர், நிப்பிள் (சக்கரக் கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) சாவி, சுத்தியல், திருப்புளி, டயர் கழற்ற இரண்டு லீவர். மெல்லிய ஸ்பேனரையும் நிப்பிள் சாவியையும் மட்டும் தரமாக வாங்குங்கள். மட்டமான நிப்பிள் சாவி நிப்பிளின் மூலைகளை மழுக்கிவிடும். பிறகு அந்தக் கம்பியை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஓவராயில் என்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

சக்கரங்களின் நடுவில் இருக்கும் முன் ஹப், பின் ஹப், பெடல் அச்சு இருக்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்), ஃபோர்க் திரும்பும் இடத்துக் கப்புகள் (குண்டுகள் உட்காரும் கிண்ணங்கள்). இந்த நான்கையும் பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை மாற்றி, புது கிரீஸ் வைத்துப் பூட்டுவதுதான் ஓவராயில். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் டீசல் போதும். கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் தெளியவிட்டால் மேலே நிற்பதை அடுத்த முறையும் பயன்படுத்தலாம்.

கழுவி முடித்ததும் கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் வழவழப்பான ஒரு கோடாகத் தெரிந்தால் அதே கோனை மறுபடி போடலாம். அந்தக் கோட்டில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருந்தால் மாற்றியாக வேண்டும். எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் கரகரப்பு போகாது. கப்பையும் இதேபோல் பாருங்கள், ஹப்புக்குள் விரல் நகத்தை ஓட்டினாலே குழி தெரியும். கோன் தேய்வது வழக்கம், கப் தேய்வது அபூர்வம். கோன் மலிவு என்பதால் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய குண்டையும் புதுக் குண்டையும் கலக்கக் கூடாது. தேய்ந்த குண்டு மயிரிழை சிறியதாக இருக்கும், பாரம் முழுவதும் புதுக் குண்டுகள் மேலேயே விழும்.

எந்த இடத்துக்கு எத்தனை குண்டு?

வழக்கமான அளவு இது. முன் ஹப்பில் 3/16 அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 10. பின் ஹப்பில் 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9. பி.பி.யில் 1/4 அங்குலம், பக்கத்துக்கு 11. ஃபோர்க் கப்பில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பழைய குண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எண்ணிக்கை மறந்துபோனால், கப் நிறையக் குண்டுகளை அடுக்கி அதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரு குண்டு அளவு இடம் இருந்தால்தான் அவை ஒன்றையொன்று உரசாமல் ஓடும். உள்ளே தகரக் கூட்டில் கோத்த குண்டுகள் இருந்தால், அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனிக் குண்டுகளைப் போடுவதே என் வழக்கம். கூட்டில் வருவதைவிடக் கூடுதல் குண்டுகள் போடலாம், பாரம் பரவும்.

கோனை எவ்வளவு இறுக்க வேண்டும்?

சக்கரத்தை ரிம்மில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரத்தைத் தூக்கி விட்டால், வால்வு இருக்கும் கனமான பக்கம் தானாகக் கீழே இறங்கி, இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஊசலாடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் கோன் இறுக்கம். நட்டை முடுக்கும்போது கோனும் கொஞ்சம் இறுகும். அதனால் முதலில் துளி தளர்வாகவே விட்டு, நட்டை முடுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். இந்த ஒரு வேலைக்கு அவசரம் ஆகாது.

காட்டர் பின் வெளியே வர மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பெடல் கையை அச்சோடு பிணைக்கும் ஆப்புதான் காட்டர் பின். பழைய சைக்கிள்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்.

முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். நட்டை முழுக்கக் கழற்றாதீர்கள், பின்னின் முனையும் நட்டின் முகமும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். மரை நசுங்காமல் அது காக்கும். இப்போது பெடல் கைக்கு அடியில், பின்னின் தலை இறங்க இடம் விட்டு, ஒரு கெட்டியான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதும் பி.பி. குண்டுகளில் இறங்கிக் கப்பில் பள்ளம் விழும். முட்டு சரியாக நின்றதும், கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. சின்னச் சுத்தியலால் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தால் பின்னின் முனை பூவாக விரியும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தடிமன் அரை மி.மீ. மாறினாலும் பொருந்தாது. போடும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. முதல் சில நாள் ஓட்டிய பிறகு பின்னை ஒரு தட்டுத் தட்டி நட்டை மறுபடி முடுக்குங்கள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் 'கட்' என்று ஓர் ஆட்டம் காலில் தெரிந்தால் பின் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஓட்டினால் பின்னும் போகும், அச்சும் போகும்.

இடது பெடல் கழலவில்லையே?

இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஸ்பேனர் மேல் நோக்கி நிற்கும்படி மாட்டிக்கொண்டு, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடல்களும் கழலும். பி.பி.யில் இதற்கு நேர்மாறாக, செயின் இருக்கும் வலப்பக்கக் கப்புக்குத் தலைகீழ் மரை. அந்தக் கப் தேயாமல் இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். இடப்பக்கத்தை மட்டும் திறந்து, அச்சை உருவி, உள்ளே துணி விட்டுத் துடைத்தால் போதும்.

துருவை எதனால் எடுப்பது?

எந்த இடத்துத் துரு என்பதைப் பொறுத்தது. ஹேண்டில்பார், ரிம், மணி போன்ற குரோம் பாகங்களில் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். ஓட்டலில் பார்சல் கட்டித் தரும் அதே தாள்தான். குரோமைவிட அலுமினியம் மென்மை என்பதால் கீறல் விழாது, செம்பழுப்புப் புள்ளிகள் கண்முன்னே போகும். குரோம் உரிந்துபோன இடம் திரும்பி வராது. துருவை எடுத்துவிட்டு மெல்லிசாக எண்ணெய் தடவிக்கொண்டே வாருங்கள்.

நட்டு, போல்ட், ஸ்டாண்ட் போன்ற சின்ன இரும்புச் சாமான்களுக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைக்கலாம். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். அரை மணி நேரம் விட்டால் மறுபடி துரு ஏறும். ஸ்பிரிங், பால்ரஸ் குண்டு, போக்ஸ் கம்பி மூன்றையும் அமிலத்தில் போடக் கூடாது. கடினமான எஃகு அமிலத்தில் ஊறினால் நொறுங்கும் தன்மை வந்துவிடும், போக்ஸ் கம்பியின் துத்தநாகப் பூச்சும் கரைந்துபோகும்.

முழுசாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

வேண்டாம் என்பேன். பழைய கறுப்பு எனாமலைச் சூளையில் சுட்டு ஏற்றினார்கள். இன்று தெருமுனைக் கடையில் ஸ்பிரே அடிக்கும் பெயிண்ட் அந்த உறுதிக்குப் பக்கத்தில் வராது. மட்கார்டு ஓரத்திலும் ஃப்ரேம் குழாயிலும் ஓடும் மெல்லிய தங்கக் கோடு, ஹேண்டில் குழாயில் இருக்கும் பித்தளைச் சின்னம், சீட் குழாயில் பாதி உதிர்ந்த ஸ்டிக்கர் எல்லாம் ஒரு முறை அழிந்தால் அழிந்ததுதான். ஈரத்துணியால் துடைத்து, கார் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மங்கிப்போனதாக நினைத்த கறுப்பு எழும்பி வரும். துரு இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் வைத்து, சின்ன பிரஷ்ஷால் கறுப்பு எனாமலைத் தொட்டு வையுங்கள்.

ஃப்ரேம் முழுவதும் துரு பரவி, பழைய பெயிண்ட் செதிலாகக் கொட்டுகிறது என்றால் மட்டும் முழுப் பெயிண்டுக்குப் போகலாம்.

குழாய் விட்டுப்போயிருக்கிறது, வெல்டிங் வைக்கலாமா?

இந்த ஃப்ரேம்களின் மூட்டுகள் பித்தளை உருக்கி இணைத்தவை. கிரில் பட்டறையில் ஆர்க் வெல்டிங் வைத்தால் மெல்லிய குழாய் ஓட்டையாகிவிடும், அல்லது ஓரத்தில் மறுபடி விரியும். கேஸ் வைத்துப் பித்தளை பிடிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

நடுப் பாரை வெட்டி லேடீஸ் சைக்கிள் ஆக்கித் தருவார்களா?

தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பார்தான் ஃப்ரேமை முறுக்காமல் பிடித்திருக்கிறது. லேடீஸ் ஃப்ரேமில் அதற்கு ஈடாகக் குழாய்களை வேறு விதமாக அமைத்திருப்பார்கள். பழைய லேடீஸ் ஃப்ரேம் தனியாகக் கிடைக்கும், அதைத் தேடுவது மலிவு. பார் வைத்த சைக்கிள் பெண்களுக்கு ஆகாது என்பதும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. சீட்டை நன்றாக இறக்கி, சரியான ஃப்ரேம் உயரம் பார்த்து எடுத்தால் போதும்.

28 என்று கேட்டு வாங்கிய டயர் பொருந்தவில்லை. ஏன்?

28 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு உண்டு. நம் பழைய சைக்கிளுக்கு 28 × 1½. டயரின் பக்கவாட்டில் 635 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அதுதான் ரிம்மில் உட்காரும் விட்டம், மி.மீ. கணக்கில். நாகரிக சைக்கிள்களில் வரும் 700 அளவு டயருக்கு 622. அந்த 13 மி.மீ. வித்தியாசத்தை எந்த லீவரும் சரிசெய்யாது. டயர் வாங்கும்போது செய்த தேதியையும் கேளுங்கள். கடையில் வருஷக்கணக்கில் தொங்கிய டயரை வளைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரியும்.

ராத்திரி காற்றடித்தால் காலையில் இறங்கிவிடுகிறது. பஞ்சரும் இல்லை.

வால்வு ரப்பரைப் பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் ஊசிமுனை மேல் மாட்டிய அந்தச் சின்ன ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருக்கும். மாற்றும்போது எச்சில் தொட்டு நுழைத்தால் சுலபமாக ஏறும். துளையை முழுவதும் மூடி, கீழ்ப் பகுதியிலும் கொஞ்சம் ஏற வேண்டும்.

ரிம் ஆடுகிறது. கோட்டம் நானே எடுக்கலாமா?

லேசான கோட்டம் என்றால் எடுக்கலாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நிப்பிள்களுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் ரிம் எங்கே உரசுகிறது என்று கோடு விழும். ரிம் வலப்பக்கம் தள்ளியிருந்தால், அந்த இடத்தில் இடப்பக்க ஹப்பிலிருந்து வரும் கம்பிகளை முடுக்கி, வலப்பக்கக் கம்பிகளைத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். முடுக்கிக்கொண்டே போனால் ஒரு பக்கம் சரியாகி இன்னொரு பக்கம் முட்டை வடிவமாகும்.

முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பி. ஐந்தாறு கம்பி ஒரே இடத்தில் போயிருந்தாலோ ரிம் எட்டு போட்டிருந்தாலோ அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். புதிதாகக் கம்பி பின்னிச் சக்கரம் நிறுத்துவது பல வருஷப் பழக்கத்தில் வரும் கைவேலை. அதற்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

மழையில் பிரேக்கே பிடிப்பதில்லை.

குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும், அது அதன் இயல்பு. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுப் பிடித்து, ரிம்மின் தண்ணீரைத் துடைத்தபடி வர வேண்டும். காய்ந்த நாளிலும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு கட்டையில் இருக்கிறது. கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில் போய்ப் பிடிக்கிறது. இரண்டு கட்டைகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், விட்டதும் இரண்டு மூன்று மி.மீ. விலக வேண்டும். மேலே பாலிஷ் ஏறிய கட்டையை உப்புத்தாளில் தேய்த்தால் மறுபடி பிடிக்கும். கம்பிகளை இணைக்கும் மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள், ரிம்மில் ஒரு சொட்டும் படக் கூடாது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. சில வாரத்தில் பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கிரீஸும் வேண்டாம், அது வெளியே நிற்குமே தவிரக் கண்ணிக்குள் இறங்காது. பைக்குக்கு ஊற்றியது போக மிஞ்சிய புது 20டபிள்யூ-40 இன்ஜின் எண்ணெய் அருமையாக வேலை செய்யும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் சுற்றி, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பட்டறையில் சும்மா கிடைக்கும் கறுத்த எண்ணெயில் இரும்புத் துகள் இருக்கும், வேண்டாம்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேல் போதும். பின்னுக்குப் பின் அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். அது 12⅛ தாண்டினால் மாற்றுங்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். நடுவில் மேலும் கீழும் அரை அங்குலம் ஆட்டம் இருக்கட்டும்.

ஃப்ரீவீலுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய். சைக்கிளைச் சாய்த்து, ஃப்ரீவீலின் இரண்டு வளையங்களுக்கு நடுவில் சில சொட்டு விட்டுப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கரகரவென்ற சத்தம் மாறி 'டிக் டிக்' என்று தெளிவாகக் கேட்கும். மிதிக்கும்போது பிடிக்காமல் நழுவுகிறது என்றால் உள்ளே இருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியும் சரியாகாவிட்டால் மாற்றிவிடுங்கள், நடுரோட்டில் ஏறி மிதிக்கும்போது நழுவினால் ஆபத்து.

பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிளையும் இப்படி மீட்கலாமா?

கட்டாயம் மீட்கலாம். 11-ஆம் வகுப்பில் வாங்கி, கல்லூரி போனதும் மாடிப்படிக்கு அடியில் நிறுத்திய சைக்கிள்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் டயர், டியூப், பிரேக் கட்டை, ஓவராயில் இவ்வளவுதான் தேவைப்படும். பெடல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். உங்கள் வீட்டில் ஓட்ட ஆளில்லை என்றால், வேலைக்கு நடந்து போகும் யாருக்காவது ஓடும் நிலையில் கொடுங்கள்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

சென்னையில் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார். மற்ற ஊர்களில் பழைய பஸ் நிலையத்தையோ கடைவீதியையோ சுற்றி இருக்கும் பழைய சைக்கிள் கடைகளில் கேளுங்கள். அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூனில் மூடப்பட்டாலும் அந்த சைக்கிளுக்குப் பாகம் கிடைக்காமல் போகவில்லை, அளவு பொது என்பதால் மற்றவர்களுடையது பொருந்தும். பழைய இரும்புக் கடைகளிலும் பாருங்கள். முறிந்த ஃப்ரேமோடு வரும் சைக்கிளில் நல்ல ஹப், கேரியர், செயின் கவர் இருக்கும். இரும்பு விலைக்கே எடை போட்டுத் தருவார்கள். முழு சைக்கிள் எடுத்தால் விற்றவர் யார் என்று கேட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சரிசெய்த பிறகு எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்ன செய்ய வேண்டும்?

வாரம் ஒருமுறை காற்று. மாதம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய், பிரேக் கம்பி நட்டுகளை ஒரு பார்வை. மழைக்காலம் முடிந்ததும் ஓவராயில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டினால் ஹப்புக்குள் தண்ணீர் போகாமல் இருக்காது, தையில் பிரித்துவிடுங்கள். கடலோர ஊர் என்றால் குரோம் பாகங்களை அடிக்கடி எண்ணெய்த் துணியால் துடையுங்கள். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு, முன்டயருக்கு அவ்வப்போது காற்றடித்து, நிற்கும் இடத்தைக் கொஞ்சம் உருட்டி மாற்றி வையுங்கள். காற்றில்லாத டயர் ஒரே மடிப்பில் நின்றால் அந்த இடத்திலேயே வெடிக்கும்.